கோல்கீப்பருக்கு இருபதுக்கு ஏழு

கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற தொழிலில் கம்ப்யூட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். என்னைப் போல இதில் தொண்டை வற்றிய உங்களுக்கு இது தெரியும். தொண்ணூறுகளில் ஏற்காட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களோடு ஒரு சென்டர் நடத்தினேன். மவுஸைத் தொடவே பயப்படுகிறவர்களுக்கு முதலில் ஒரு கால்பந்து மேனேஜர் விளையாட்டைப் போட்டுக் கொடுப்பேன். அதில் வசமாக மாட்டியவர் கொட்டச்சேடு பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் யாருக்கு எந்த வேலை என்று ஆள் பிரித்து எழுதுகிற ரைட்டர் ஆரோக்கியசாமி. ஊர் கால்பந்து டீமுக்கும் அவர்தான் பொறுப்பு.

பந்து எங்கே?

திரையில் பந்தே கிடையாது. ஆட்டக்காரர்களின் பெயர், எதிரே வேகம், தெம்பு, தடுப்பு என்று இருபதுக்கு இத்தனை என மார்க்கு, அவ்வளவுதான். ஆட்டம் நடப்பதும் எழுத்தில்தான் வரும். கீபோர்டைத் தடவிப் பார்த்துவிட்டு, உதைக்கிற பட்டன் எது என்று கேட்டார். நீங்கள் உதைக்க வேண்டாம், யார் எங்கே நிற்பது என்று சொன்னால் போதும் என்றேன். முகம் தெளிந்துவிட்டது.

"ரைட்டர் வேலைதானுங்களா? அது எனக்கு இருவது வருசப் பழக்கமுங்க."

ஆறு பேர் முன்னால்

கோல் போடத்தானே ஆட்டம் என்று ஆறு பேரை முன்னால் நிறுத்தினார். அதில் இரண்டு பேர் தடுப்பாட்டக்காரர்கள். ஏழு கோல் வாங்கினார். மார்க்கைப் பார்த்து ஆளை நிறுத்துங்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். தலையில் தட்டிக்கொண்டார்.

"காப்பி பறிக்கற ஆளை மிளகுக்கு ஏணி ஏத்திட்டேனுங்க."

எல்லாருக்கும் பதினெட்டு

அந்த விளையாட்டில் பெயரையும் மார்க்கையும் நாமே மாற்றலாம். பக்கத்து ஊர் மஞ்சக்குட்டையோடு வருஷா வருஷம் நடக்கிற ஆட்டத்தில் மூன்று வருஷமாகத் தோல்வி. இந்தத் தடவை யாரை இறக்குவது என்று பார்க்க, தன் டீமையே ஏற்றினார். பதினொரு பேருக்கும் எல்லாவற்றிலும் பதினெட்டு. கோல்கீப்பர் சூசை அவர் மனைவியின் அண்ணன். போன வருஷம் நாலு கோல் விட்டவர். பனிமூட்டத்தில் பந்து தெரியவில்லை என்று சொல்லியிருந்தார். அவரை டீமை விட்டு எடுத்தால் வீட்டில் சண்டை, இறக்கினால் நாலாவது தோல்வி. அவருக்குமா பதினெட்டு என்றேன். பாவம், மனிதர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சானுக்கு எட்டு போட்டுட்டு, சாயந்திரம் எப்படிங்க ஊட்டுக்குப் போறது?"

சூசை வந்தார்

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் சூசையே வந்து நின்றார். தன் பேர் கம்ப்யூட்டரில் இருக்கிறதாமே, பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். பதினெட்டுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனவர், "இது பொய்யிங்க" என்றார். "பனி இல்லாத நாள்லயும் பந்து ரெண்டாத் தெரியுது. ஏழு போடுங்க." ரைட்டரைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றேன். அவர் கிளம்புகிற மாதிரி இல்லை. போட்டேன். அதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

"மாப்பிள்ளைக்கு வாய் வராதுங்க. கம்ப்யூட்டர் ஏழு போட்டுருச்சுன்னு தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அந்த வருஷமும் கொட்டச்சேடு தோற்றது வேறு விஷயம். என் சென்டருக்கு வந்தவர்களிலேயே மார்க்கைச் சரியாகப் போட்டவர், மவுஸைக்கூடத் தொடாத அந்த சூசை ஒருவர்தான்.