சட்டைப்பையில் மூன்று பியூஸ்

இதைக் கட்டுக்கதை என்கிறவர்கள் பதுளைக்கு வாருங்கள். ஜொனி கன்னத்தில் என் ஐந்து விரலும் ஏன் பதிந்தன என்று அவனே சொல்லுவான். அவன் என் மனைவி நிலுக்ஷியின் தம்பி. கரண்ட் வேலைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். இது நடுச்சாமத்தில் நடந்ததும் இல்லை. போன வருடம் ஒரு பின்னேரம், பெரகலச் சந்திக்கு மேலே, ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நடந்தது.

மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற பெரிய ஃபேன் நின்றுபோயிருந்தது. கொழுந்து கெட்டுப்போகுது, கெதியா பாருங்க என்று தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கர் வாசலிலேயே அரிக்கத் தொடங்கினார். மனுசன் செத்தாலும் அவருக்குக் கொழுந்து கெடக்கூடாது.

எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. மெயின் சுவிட்சை இறக்கியதோடு நம்பமாட்டேன். பியூஸ் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற லைனில் வைத்துப் பார்ப்பேன். அதன் குட்டி லைட் எரிந்தால்தான் நான் கைவைக்கப்போகிற வயரில் வைப்பேன். கையை எடுத்தால், திரும்ப வைக்குமுன் மறுபடி டெஸ்டர். அடுத்தவன் ‘ஓஃப்’ என்று சொன்னதை நம்பிக் கைவைத்தவனெல்லாம் இப்போது மண்ணுக்குள் இருக்கிறான். இதற்காக ஜொனி என்னைப் பயந்தாங்கொள்ளி என்பான்.

அன்றும் அப்படித்தான். அவனைக் கீழே மெயின் போர்டுக்குக் காவல் வைத்தேன்.

“எவன் வந்தாலும் தொட விடாத.”

“சரி மச்சான்.”

படி ஏறினேன். பையில் பியூஸ்கள் ‘கிணுக்... கிணுக்...’ என்றன.

மேலே யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து கொழுந்தின் மேல் படுத்திருந்தது. வேறு மெயினிலிருந்து வருகிற லைட் லைனில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. ஃபேன் மோட்டரின் மூடியைக் கழற்றி அதன் வயரில் வைத்தேன். எரியவில்லை. ஸ்பேனரை எடுக்கக் குனிந்தேன்.

“ஓஃப்தான் மச்சான். கை வைங்க.”

ஜொனியின் குரல். நான் ஒன்றும் கேட்கவில்லையே...

“ஓஃப்தான் மச்சான். கை வைங்க.”

இந்த முறை கீழிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால், கொழுந்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. திரும்பினேன். பனிதான் இருந்தது.

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. டெஸ்டரை மறுபடி வைத்தேன்.

எரிந்தது.

சட்டைப்பையைத் தடவினேன். மூன்று பியூஸும் இருந்தன.

“டெஸ்டர் பழுது மச்சான்...”

காதோரத்தில்.

“கை வைங்க.”

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்காலில் தோல் இல்லை.

கீழே ஜொனி போர்டுக்கு முன்னால் நின்றான். பியூஸ் இருந்த இடங்களில் செம்புக் கம்பி முறுக்கி வைத்திருந்தது. தோட்டங்களில் பியூஸ் போனால் எல்லாரும் செய்கிற அதே நாசவேலை. மெயின் சுவிட்ச் மேலே ஏறியிருந்தது. அவன் கை இன்னும் அதன்மேல்.

சுவிட்சை அடித்து இறக்கினேன். பிறகு அவனை அடித்தேன். சொந்தத் தம்பி கையாலேயே என் நிலுக்ஷி தாலியறுத்திருப்பாளே என்று நினைக்க நினைக்க ஆத்திரம் அடங்கவில்லை.

“நீங்கதானே மச்சான் போடச் சொன்னீங்க” என்று அழுதான். “மேல இருந்து கத்துனீங்க. ‘பியூஸ் எங்கிட்ட இருக்கு, எறங்க ஏலாது, கம்பி வச்சுப் போடு, மோட்டரு சுத்துதான்னு பாக்கணும்’னு. ரெண்டு வாட்டி மாட்டேன்னேன். மூணாவது வாட்டி நீங்க...”

சொல்லி முடிக்க விடவில்லை. மறுபடி அறைந்தேன்.

“அடிக்காதீங்க தம்பி.”

பக்கத்தில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த இராக்கம்மா. “எம் மவனையும் இப்படித்தான் அடிச்சாங்க.”

அவள் சொல்லித்தான் தெரியும். அவள் மகன் சின்னராசா முன்பு இங்கேதான் எலக்ட்ரீசியன் அற்புதராஜுக்கு உதவியாளாக இருந்தான். அற்புதராஜ் மேலே அதே மோட்டரில் கைவைத்தபடி கருகிப்போனார். கீழே சுவிட்சைப் போட்டது சின்னராசா. அவர்தான் மேலிருந்து மூன்று முறை போடச் சொன்னார் என்று அவன் பொலிசில் சொன்னான், கோர்ட்டில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அற்புதராஜின் சொந்தக்காரர்கள் ஏற்கனவே அவன் பல்லை உடைத்திருந்தார்கள். மறியல் சிறைக்குள்ளேயே, கட்டியிருந்த சாரத்தில் தொங்கிவிட்டான். பிறகு டீமேக்கர் இரக்கப்பட்டு அவளுக்கு வேலை கொடுத்தார்... இந்தப் போர்டுக்குக் கீழே கூட்டுகிற வேலை.

என் கை தானாகக் கீழே இறங்கியது.

“மூணாவது வாட்டி அந்தக் குரல் என்ன சொல்லிச்சாம்?” என்று அவளைக் கேட்டேன்.

“‘போடுடா சின்னராசா...’”

அவள் முடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த ஜொனி முடித்தான்.

“‘...நான் என்ன செத்தா போயிருவேன்.’”

இராக்கம்மா அவனையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஆமா” என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். “அப்ப... அது அற்புதராஜோட ஆவியாம்மா?”

அவள் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள்.

“அவரு செத்தது அந்தக் குரல் கேட்டதுக்கு அப்புறந்தானே தம்பி.”