மானிட்டர் இல்லாத வீடு

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு, மானிட்டர் கிடையாது. சிரிக்காதீர்கள். புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே பிறவியிலிருந்து கண் தெரியாது. பார்க்க ஆளில்லாத வீட்டில் அந்தப் பெட்டி எதற்கு, இடத்தை அடைக்கவா? டைப்பிஸ்ட்டான அவளுக்கு ஒரு கீபோர்டும், எழுத்தையெல்லாம் படித்துச் சொல்லும் குரலும் போதும். அது கரகரத்த கிழட்டு ஆண் குரல். எந்நேரமும் தொணதொணப்பதால் அதற்கு "மாமனார்" என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரி டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் செய்வது அவள் வேலை. "இர" என்று தட்டினால் "இரத்த அழுத்தம்" என்று முழுசாக விழும். அப்படி ஆயிரக்கணக்கான சுருக்கங்களை வருஷக்கணக்கில் அவளே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவளுடைய வேகமே அதில்தான் இருந்தது. அந்த வேகத்துக்காகத்தான் கண் தெரியாதவளுக்கு வேலையே கொடுத்தார்கள்.

ஒருநாள் மேனேஜர் போன் செய்தார். "பழைய சிஸ்டம் பாதுகாப்பு இல்லம்மா. புதுசுக்கு மாறாதவங்களுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து வேலை அனுப்ப மாட்டோம். மேலிடத்து உத்தரவு."

டெலிபோன் ஆபரேட்டரான புருஷனுக்கு இது பிடிக்கவேயில்லை. "நல்லா ஓடுற வண்டியை எதுக்குப் பிரிச்சுப் போடணும்? புதுசுல அப்படி என்ன கொட்டிக் கிடக்கு?"

"ஒண்ணும் கொட்டிக் கிடக்கல. மாறலேன்னா என் வேலை போயிடும், அவ்வளவுதான்."

"உன் சுருக்கத்தையெல்லாம் காப்பி எடுத்து வெச்சியா?"

"எல்லாம் எடுத்தாச்சு, நீங்க சும்மா இருங்க."

எடுத்தாள்தான். அதே கம்ப்யூட்டரில் இன்னொரு ஃபோல்டரில் எடுத்து வைத்தாள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின மாதிரி!

மறுநாள் காலை, அப்டேட்டுக்குச் சம்மதம் என்று தட்டினாள். கம்ப்யூட்டர் அணைந்தது, மறுபடி உயிர் வந்தது. மாமனார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்தாள். ஒரு தட்டு தட்டினாள். ஊஹூம். பிறகு பதற்றத்தில் கைக்கு வந்த பொத்தானையெல்லாம் அழுத்தினாள். "பேசுங்க... ஐயோ, பேசித் தொலைங்களேன்!" என்று கம்ப்யூட்டர் பெட்டியைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மாடி வீட்டுத் தையல்காரி ஓடிவந்தாள். "நகருங்கக்கா, நான் பாக்கறேன்" என்றவள் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "ஆமா, மானிட்டர் எங்க?"

கண் உள்ளவள் வந்தும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, என்ன கொடுமை பாருங்கள். தையல்காரி தன் வீட்டு டிவியையே கழற்றித் தூக்கிவந்து மாட்டினாள். டிவியில் எழுத்து வந்தது.

"என்னடி போட்டிருக்கு? சொல்லித் தொலை."

"'நீங்கள் கேட்டபடி பழையவை யாவும் நீக்கப்பட்டன. புதிதாகத் தொடங்கலாம்'னு போட்டிருக்குக்கா."

"நான் எப்ப கேட்டேன்?"

பழையதை அழிக்கட்டுமா என்று, அவள் காதில் விழாமலே அது கேட்டிருக்கிறது. பதறிய விரல்கள் ஆமாம், ஆமாம் என்று தட்டியிருக்கின்றன. "எல்லாம் போச்சே! என் கையை வெட்டிப் போட்டாலும் மனசு ஆறாதே!" என்று மேஜையில் தலையை முட்டிக்கொண்டாள். புருஷன் தட்டுத்தடுமாறி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

தையல்காரி எதையெதையோ தேடி, புதுசுக்குள்ளேயே இருந்த ஒரு குரலை எழுப்பிவிட்டாள். "வணக்கம்!" என்றது, சின்னப் பெண் குரல், குதூகலமாக. ஒரு வெற்றுப் பக்கத்தையும் திறந்துகொடுத்தாள்.

"தட்டிப் பாருங்கக்கா. ஏதாவது மிச்சம் இருக்கும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீபோர்டில் கை வைத்தாள். "இர" என்று தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

"இர" என்றது அந்தக் குரல்.

இன்னொரு தடவை தட்டினாள்.

"இர."