சங்கத்தில் சொன்ன கனவு

எங்கள் ஊரில் மனோதத்துவத்துக்கு ஒரு சங்கம் இருந்தது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். யுத்தம் முடிந்த சமயம். லண்டனில் படித்துத் திரும்பிய டாக்டர் ஒருவர் கடற்கரைச் சாலையிலிருந்த தன் வீட்டு மாடியில் அதை ஆரம்பித்தார். ஒரு வக்கீல், காலேஜ் வாத்தியார்கள், துறைமுக ஆபீஸிலிருந்து ஒருவர். பெண் என்று நான் ஒருத்திதான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் கூடி, ஆழ்மனதைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகங்களை வாசிப்போம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் கனவைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்கு அர்த்தம் பார்க்க வேண்டும் என்பது விதி. அங்கே பேசியது மாடிப்படி இறங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. வக்கீல் தன்னை யானை துரத்தியதைச் சொன்னார். சிரித்தோம்.

என் முறை வந்தபோது அண்ணனைச் சொன்னேன். அவன் சங்கு குளிக்கப் போய்க் கடலில் செத்தவன். என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியது அவன் சம்பாத்தியம்தான். கனவில் அவன் கடலுக்கடியிலிருந்து, மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை அசைக்கிறான். கயிறு என் கையில் இருக்கிறது. நான் இழுக்கவில்லை.

டாக்டர் மெதுவாகத் தலையாட்டினார். "பெரிய கனவு, டீச்சர்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆண்டு விழாவுக்கு மதராஸிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஊர்க்காரர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். டாக்டர் கட்டுரை வாசித்தார். 'ஒரு கிறிஸ்தவ ஆசிரியையின் கனவு.' நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் அதிகாரத்திலிருந்து தப்ப அந்தப் பெண் அவன் சாவை உள்ளூர விரும்பினாள், அது நடந்துவிட்ட குற்ற உணர்வே அந்தக் கயிறு என்று முடித்தார். கைதட்டினார்கள். வக்கீலின் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். சங்கு குளித்துச் செத்தவனின் தங்கச்சி, அதுவும் டீச்சர், எங்கள் ஊரில் வேறு யார்?

கூட்டம் கலைந்ததும் டாக்டரிடம் போனேன்.

"இப்படிச் செய்யலாமா, டாக்டர்?"

"பெயரைச் சொல்லலையே."

"நான் அப்படி விரும்பலை."

"நீங்க இவ்வளவு கோபப்படுறதே நான் சொன்னதுக்கு அத்தாட்சி, டீச்சர்" என்று சிரித்தார். அதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் அதுவும் அத்தாட்சியாகிவிடும்.

அடுத்த கூட்டத்தில், ஆராய்ச்சிக்கு உட்பட்டவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். யானைக்கார வக்கீல்தான் முன்மொழிந்தார். பள்ளிக்கூடத்தில் மதர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் பெற்றோர் பேசிக்கொள்வதாகச் சொல்லி, கொஞ்ச காலம் வேறு ஊரில் வேலை பார்க்கச் சொன்னார். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டாக்டரை மதராஸில் ஒரு பெரிய கழகம் அழைத்துக்கொண்டது.

இதையெல்லாம் தாங்கியிருப்பேன். ஆனால் பேச்சு எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்திருந்தது. நான் லீவில் வீட்டுக்குப் போன அன்று, மீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டாள்:

"ஏளா, அவன் சாவணும்னு நெனச்சியா?"

"டாக்டர் சொன்னது பொய்யும்மா."

"படிச்சவரு பொய் சொல்லுவாராளா?"

அவளுக்கு மனோதத்துவத்தை எப்படி விளக்குவது? விளக்கிப் பார்த்தேன். கனவு, ஆழ்மனம், குறியீடு என்று நான் பேசப் பேச அவள் முகம் கல்லாகிக்கொண்டே வந்தது. அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு அண்ணன் கல்லறைக்குப் போய்விட்டிருந்தாள்.