சாரைக் கூட்டிட்டு வாங்க

மொத்த வியாபாரி என்று யாராவது மரியாதையாகச் சொன்னால் எனக்கு இப்போதும் வாய் கோணிக்கொள்ளும். சென்னை கோடவுன் தெருவின் மொத்தத் துணிக்கடைகளில் நான் பட்ட பாடு அப்படி. பெண்கள் தொழில் தொடங்குவது எப்படி என்று கூட்டம் போட்டு இப்போது என்னையும் பேசக் கூப்பிடுகிறார்கள். துணிச்சல் வேண்டும், பொறுமை வேண்டும் என்று மேடையில் அடுக்குவார்கள். எனக்கு என்ன வேண்டியிருந்தது தெரியுமா? ஒரு புருஷன். அந்தத் தெருவில் கடைக்குள் நுழைய அதுதான் டிக்கெட்.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோடை ஒட்டிய ஒரு காலனியில் குடியிருந்தோம். காலனி முழுக்க ஆபீஸ் போகிறவர்கள், டீச்சர்கள். ஒரு புடவைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி வேண்டுமென்றால் ரயிலேறி தி.நகர் போக வேண்டும். அந்த வேலையை எல்லோரும் என் தலையில் கட்டினார்கள். காரணம், புடவையை ஒரு தடவை பார்த்தால் எனக்குப் போதும். கையில் புடவை இல்லாமலே சரியான துணியோடு திரும்பி வருவேன். சிலருக்குப் பாட்டு வருகிறதே, அதுபோல எனக்குக் கலர் வந்தது. ஓசியில் எத்தனை நாள் அலைவது? மார்க்கெட் பக்கம் எட்டுக்குப் பத்தில் ஒரு கடையைப் பிடித்தேன். என் வளையல்களை விற்று முதல் போட்டேன். ‘மேட்சிங் சென்டர்’ என்று போர்டு எழுதக் கொடுத்தேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது.

சரக்கு பிடிக்கத் தனியாகத்தான் போனேன். பீச் ஸ்டேஷனில் இறங்கி, கோடவுன் தெருவில் முதலில் கண்ணில் பட்ட பெரிய கடையில் ஏறினேன். வாசலில் நின்ற ஆள் என் ஹேண்ட்பேக்கைப் பார்த்தான்.

“இன்னாமா, சில்லறையா? சில்லறைலாம் இங்க கெடையாது.”

“சில்லறை இல்லை. கடை வைக்கப் போறேன். டூ பை டூ வேணும், ஜாக்கெட்டுக்கு.”

“யாரு, நீயா? வூட்டுக்காரரு எங்க கீறாரு?”

அடுத்த கடையிலும் இதே கதை. அதற்கடுத்த கடையில் என்னிடம் பேசவே இல்லை, என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள். நான்காவது கடையில் முதலாளியே இருந்தார். நெற்றியில் சந்தனம், வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை, பக்கத்தில் டெலிபோன். ரொம்ப மரியாதையான மனுஷர். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. “நீங்க எதுக்கும்மா வெயில்ல அலையறீங்க? சாரைக் கூட்டிட்டு வாங்க, பேசி முடிச்சிடலாம்” என்றார். ஆனால் அவர் அலமாரியில் இருந்த கலர்களைப் பார்த்துவிட்டேன். மயில் கழுத்தில் மட்டும் நாலு வகை இருந்தது. தெரு முழுக்கத் தேடினாலும் அப்படிச் சரக்கு கிடைக்காது.

அதனால் சனிக்கிழமை என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மத்திய அரசு ஆபீஸில் குமாஸ்தா. சாது. அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாது, தன் சட்டை என்ன கலர் என்று கேட்டாலே குனிந்து பார்ப்பார். அவரை மெத்தையில் உட்காரவைத்தார்கள். காபி வந்தது. எனக்கு ஒரு ஸ்டூல்.

“சாருக்கு எந்த ஆபீஸு? அப்படியா! சரி சார், புதுக் கடைன்னா நாங்களே எல்லா கலரும் கலந்து கட்டு போட்டு வெச்சிருக்கோம். அதை அப்படியே எடுத்துக்குங்க.”

“பிரிச்சுப் பாக்கணும்” என்றேன் நான்.

முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. “கட்டைப் பிரிச்சா மறுபடி கட்டறது பேஜார் சார். நம்ம கடையில நம்பி எடுக்கலாம்.”

என் கணவர் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். “விடும்மா. அவங்க எவ்ளோ வருஷமா தொழில்ல இருக்கறவங்க.”

காபி குடித்த வாயால் கட்டைப் பிரிக்கச் சொல்ல அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு என் வளையல்கள் போயின. கட்டைத் தாம்பரம் கொண்டுவந்து பிரித்தால் மூக்குப்பொடி, சாம்பல், காக்கி, மறுபடி மூக்குப்பொடி. விலை போகாமல் தூங்கிய துணியையெல்லாம் சேர்த்துக் கட்டி, மேலே மட்டும் ஒரு மாம்பழ மஞ்சளை வைத்திருந்தார்கள். கடை திறந்த அன்று காலனிப் பெண்கள் புடவைகளோடு ஆசையாக வந்தார்கள். ஒன்றுக்கும் துணி பொருந்தவில்லை. “பரவால்ல, அடுத்த வாரம் வரேன்” என்று சொல்லிப் போனார்கள். இரண்டு தடவை வெறுங்கையோடு போனவள் மூன்றாம் தடவை வரமாட்டாள், தி.நகருக்கே போய்விடுவாள். தீபாவளிக்குள் நல்ல கலர் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். என் கணவர் ஒரு மூக்குப்பொடித் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது நல்லாத்தானே இருக்கு?” என்றார். துணியைப் பிடுங்கிக் கட்டுக்குள் திணித்தேன். வாயைத் திறந்திருந்தால் அது தெருவுக்கே கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை அந்தக் கட்டை நானே தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். பெண்கள் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. “மூட்டைய தள்ளிக்கினு போமா, காலு நசுங்குது” என்று ஒருத்தி கத்தினாள். பதிலுக்கு நானும் கத்தினேன். மாம்பலம் வரை சண்டை. கோபத்தோடு போனது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் கடை வாசலில் அழுதிருப்பேன்.

“சார் ஒத்துக்கிட்டுத்தானேம்மா எடுத்துட்டுப் போனாரு? எதுவா இருந்தாலும் சாரை வரச் சொல்லுங்க” என்றார் முதலாளி.

“கடை என்னுது. வளையல் என்னுது. சாருக்கு இதுல என்ன வேலை?”

சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். குழந்தை ஏதோ சொல்லிவிட்டதைப் போலச் சிரித்தார். நான் கட்டை வாசற்படியில், வெயில் விழுகிற இடத்தில் போட்டுப் பிரித்து, துணிகளை வரிசையாகப் பரப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே வருகிறவர்கள் தாண்டித்தான் வர வேண்டும்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சரக்கு எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையில் பத்து மெரூன் துணி இருந்தது.

“அண்ணா, அது பத்தும் ஒரே மெரூன்னா நினைக்கறீங்க?”

“ஆமா.”

“உள்ள டியூப்லைட்ல பாத்தீங்க. இப்படி வெயில்ல பிடிங்க.”

பிடித்தார். ஆறு மெரூன், நான்கு செங்கல் கலர். வேறு வேறு சாயத்தில் தோய்த்தவை. மனுஷர் அப்படியே உள்ளே திரும்பிப் போய்க் கூச்சல் போட்டார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு கடைக்காரர்கள் தங்கள் சரக்கைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள். என்னிடம் காட்டினார்கள். நானும் பார்த்துச் சொன்னேன். ஒருவர்கூட என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை.

முதலாளி எழுந்து வந்துவிட்டார். “வாங்கம்மா, உள்ள வாங்க. பழசைக் குடுத்துட்டு வேணுங்கறதை எடுத்துக்குங்க.”

ஒவ்வொரு சுருளாக வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அரக்கு, கத்திரிப்பூ, மயில் கழுத்து நாலும். முதலாளி பக்கத்திலேயே நின்று ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலையை ஆட்டிச் சொன்னார்: “சார் உங்களுக்கு நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்காரு.”

கையில் இருந்த துணியை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. இன்னும் பச்சை எடுக்க வேண்டியிருந்தது. நாலு வகைப் பச்சை இல்லாமல் தீபாவளிக்குக் கடை நடத்த முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு பச்சையை எடுத்தேன். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி, அப்படிப் பல்லைக் கடித்ததற்காக என்மேலும் இருக்கிறது.

அன்று சாப்பாடு போடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படியில் உட்கார்ந்தது, வெயிலில் காட்டியது, எல்லாம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். ட்ரெயினிங் பற்றி முதலாளி சொன்னதைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

“அப்படியா சொன்னாரு?”

முகம் மலர்ந்துவிட்டது. பொய் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பெரிய மனுஷன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துவிட்டானே என்ற சந்தோஷம். நல்லவர்தான், என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தை நான் மன்னிக்கவில்லை.

“நல்ல மனுஷர். ஒரு சனிக்கிழமை போய் தேங்க்ஸ் சொல்லிட்டு வரட்டுமா?” என்றார்.

“போங்க” என்றேன். “போய், எனக்கு ஒரு எழவும் தெரியாது, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டு வாங்க.”

சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரித்தபடியே ரசத்துக்குத் தட்டை நகர்த்தினார். ஊற்றினேன். அதன்பிறகு பதினாறு வருஷம் அந்தக் கடையை நடத்தினேன். அவர் போய் அதைச் சொல்லவேயில்லை.