விமானத்துக்கு ஒரு முடி

பக்கவாதம் வந்து வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனபின், அவர் பேருந்து ஓட்டுநர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். விரல்களுக்கு வேலை கொடுக்கட்டும் என்று மகள் வாங்கித் தந்ததுதான் அந்தப் பழைய போர் விமானத்தின், துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரி. முதல் சக்கரத்தை ஒட்டுவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சாப்பாட்டு மேசை விமான நிலையமாகிவிட, மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டபடி மூக்கால் அழுதாள்.

இன்று ஆன்டெனா கம்பி மட்டும்தான் பாக்கி. விமானி அறையின் பின்னாலிருந்து வால்வரை அது போக வேண்டும். தையல் நூலை வைத்துப் பார்த்தார். அந்தச் சின்ன விமானத்தில் அது தாம்புக்கயிறு மாதிரி தெரிந்தது.

"இந்தா, உன் தலைமுடி ஒண்ணு வேணும்," என்றார் தயங்கி.

"இத்தனை நாள் என் உயிரை வாங்கினது பத்தாதா? இப்ப முடி வேறயா?"

"கறுப்பா இருக்கணும்."

"அதுக்கு நான் எங்க போவேன்?" என்று முணுமுணுத்தபடியே கண்ணாடி முன் நின்று, காதுக்குப் பின்னால் துழாவி, ஒன்றைப் பிடுங்கி வந்தாள்.

ஒரு நுனியை அவள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மறு நுனியை ஒட்டப்போன அவர் விரல்கள் இரண்டு முறை குறி தவறின.

"மெதுவா ஒட்டுங்க. நான் எங்கயும் போகல."

பசை காயும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

சற்று நேரத்தில் மகள் போன் செய்தாள். அவர் வாய் திறக்குமுன் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"விமானத்தை முடிச்சிட்டோம்டி! கடைசிக் கம்பி கொஞ்சம் சிக்கலான வேலை. நாங்களே சமாளிச்சிட்டோம்."