வசந்தா அத்தையும் என் பீச்சாங்கையும்

ரேஷன் கடை வரிசையில் நின்றபோது பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார், வசந்தா அத்தை இறந்துவிட்டார் என்று. களத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. இன்று எல்லோரும் அவரைத் "தங்கமான மனுஷி" என்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அவருக்கு இவர்கள் வைத்திருந்த பெயர் வாயாடி. அந்த வாய் இல்லாவிட்டால் நான் இன்று இல்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்பு காலாண்டுப் பரீட்சை நேரம். பேனா நழுவி விழுந்தது. எடுக்கப் போனால் வலது கை வரவில்லை. வாய் கோணியது, பேச்சு குழறியது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார் டீச்சர். அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. வீட்டில் பெரியப்பா வைத்ததே சட்டம். காத்து கருப்பு அடித்திருக்கிறது என்று அவர் எனக்கு வேப்பிலை அடிக்க வைத்தார். மறுநாள்தான் அத்தைக்குத் தெரிந்தது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஓடி வந்தார்.

"பேய் ஒத்தக் கைய மட்டும் புடிச்சிக்கிட்டு நிக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றித் தஞ்சாவூர் கொண்டுபோனார். பெரியப்பாவும் முனகிக்கொண்டே ஏறினார்.

"பக்கவாதம்," என்றார் டாக்டர்.

"அது கெழடுங்களுக்கு வர்றதுங்க," என்றார் பெரியப்பா.

"பிள்ளைங்களுக்கும் வரும். இதயத்துல ஓட்டை, ரத்தத்துல கோளாறு, எத்தனையோ காரணம். இந்த வருஷம் அம்மை போட்டுச்சா?"

"இல்லைங்க," என்றார் பெரியப்பா.

பொய். அம்மை வந்ததை ஆஸ்பத்திரியில் சொன்னால் மாரியம்மன் கோபித்துக்கொள்வாள் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

"போட்டுச்சுங்க, பங்குனியில," என்றார் அத்தை. பெரியப்பா முறைத்தார். "ஆத்தா கோவிச்சுக்கறதா இருந்தா என்கிட்ட கோவிச்சுக்கட்டும்ணே. புள்ளைய விட்டுடட்டும்."

அம்மை ஆறிப் பல மாதம் கழித்தும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம் என்று ஸ்கேனைக் காட்டி டாக்டர் விளக்கினார். நேற்றே வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

எனக்குப் பேச்சு ஓரளவு திரும்பியது. கால் திரும்பியது. கை திரும்பவில்லை. எழுத முடியாதவளுக்குப் படிப்பு எதற்கு என்று பெரியப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அந்தச் சண்டையில் மட்டும் அத்தை தோற்றார். இடது கையால் நான் எழுதப் பழகியது அதற்கப்புறம்.

அத்தை வயலில் நடவு நடந்தால் டீ கொண்டுபோவேன். ஒருமுறை நான் நீட்டிய டம்ளரை ஒரு பெண் வாங்கவில்லை.

"பீச்சாங்கையால குடுக்குது பாரு."

அத்தை வரப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "அவளுக்கு அதான் சோத்தாங்கை. வேணுமுன்னா வாங்கு. இல்லன்னா வாய்க்காத் தண்ணியக் குடி."

அந்தப் பெண்ணே சிரித்துவிட்டு வாங்கிக் குடித்தார்.

அத்தைக்கு வாய்க்கரிசி போட நான் அரிசியை அள்ளியபோது பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தக் கையால போடாத. நீ சும்மா கும்புட்டுக்க."

கும்பிட இரண்டு கை வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கக்கூடிய ஒரே ஆள் பாடையில் கிடந்தார்.

"விடுங்க பெரியப்பா," என்றேன். குழறித்தான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவர் கையை எடுத்தார்.

மூடிக் கிடந்த அந்த வாயில் என் இடது கையால் அரிசி போட்டேன்.

போயிட்டு வாங்க அத்தை.