அக்கா என்னைக் கேட்காத கேள்வி

அக்காவின் வருஷப் பூசைக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அடக்கத்தன்று உங்களில் பலர் "எங்க அக்கா போயிட்டாங்களே" என்று அழுதீர்கள். அவர் எனக்குத்தான் அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது கனகசெட்டிக்குளத்தில். வாழ்க்கைப்பட்டது புதுச்சேரியில். சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, சைகோனுக்குக் கப்பலேறிய அத்தான் அங்கேயே காய்ச்சலில் தவறிவிட்டார். கடைசியில் ஒரு வாய் தண்ணீர் கேட்டாரா என்று வந்து சொல்லக்கூட ஆளில்லை. அந்தக் குறைதான் அக்காவைக் கன்னியர் நடத்தும் தர்ம விடுதிக்கு அழைத்துப்போனது. வைத்தியர் கைவிட்டவர்களைக் கிடத்தும் கூடம் அங்கே ஒன்று உண்டு.

அக்கா அவர்களுக்கு உடம்பு துடைப்பார், புண் கழுவுவார், புரட்டிப் படுக்கவைப்பார். சாமியார் வந்து, சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனதும் குனிந்து, "என்னா சாப்புடணும்னு தோணுது, சொல்லுங்க" என்று கேட்பார். கேட்டதை, அத்தானுக்குப் பின் அவர் வந்து தங்கிய எங்கள் வீட்டு அடுப்பில் சமைத்து எடுத்துப்போவார். பலரால் விழுங்க முடியாது. குழம்பைத் தொட்டு உதட்டில் தடவுவார், அவ்வளவுதான். பிள்ளைச்சாவடிக்காரர் ஒருவருக்காக இறால் தொக்கு செய்த அன்று தெருவே மணந்தது. எங்கள் தட்டில் கத்திரிக்காய்.

ஊரில் இது பரவிவிட்டது. "அந்தம்மா என்னா வேணும்னு கேட்டா ஆளு அவ்ளோதான்" என்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் அக்கா பழக்கதோஷத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பார்த்து "என்னா வேணும்?" என்று கேட்க, மனிதர் பாதி இலையில் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு நல்லபடியாக இருக்கும் எவரையும் அக்கா கேட்டதில்லை. என்னையும்தான். எனக்கு வயிறு எரியும்.

எனக்கே ஒருமுறை விஷக்காய்ச்சல் கண்டது. நினைவு திரும்பியபோது அக்கா கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"யார் யாரையோ கேக்குற. எனக்கு ஒரு வஞ்சிரக் கொழம்பு வேணுமான்னு கேக்க வாய் வரலல்ல?"

"கேக்க மாட்டன்டி. வாயத் தொற, கஞ்சி ஆறுது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

போன வருஷம் அக்கா படுத்தார். அவர் கடைசிவரை பார்த்து வழியனுப்பியவர்களின் வீட்டாராகிய நீங்களெல்லாம் தூக்குச்சட்டியும் கையுமாக வந்து, "அக்காவுக்கு என்னா வேணும்?" என்று கேட்டீர்கள். வாசலோடு திருப்பி அனுப்பினேன். உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். நானும் கேட்கவில்லை. கஞ்சிதான் கொடுத்தேன். கேட்டால் போய்விடுவாரே என்ற பயம்.

ஒரு காலையில் அக்கா கஞ்சியைத் தள்ளினார்.

"போதும்டி. கேளு."

கிண்ணத்தை மறுபடி அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"ஊருல எல்லாரையும் நான் கேட்டேன். என்னை நீதான் கேக்கணும்."

கேட்டேன்.

"வஞ்சிரம். ஒனக்குப் புடிச்ச மாதிரி, புளி தூக்கலா."

அக்காவுக்குப் புளி ஆகவே ஆகாது. சமைத்து வந்து உதட்டில் தடவினேன். "மிச்சத்த என் எதிர்க்கவே சாப்புடு" என்றார். சட்டி காலியாகும்வரை சாப்பிட்டேன். வீட்டில் இருந்த ஒருவருக்கும் ஒரு துண்டு கொடுக்கவில்லை. அன்று மாலை அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

வந்து வந்து பார்த்த கன்னியர்களுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், நான் விரட்டியும் மறுநாள் திரும்பி வந்தவர்களுக்கும் என் நன்றி. இன்று பந்தியில் வஞ்சிரக் குழம்பு உண்டு. யாருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். எல்லோரும் நன்றாக இருங்கள்.